சிறு நீர்மின் நிலையத்தை மின்தொகுப்புக்குப் பயன்படும்படி இயக்குவது எப்படி: புதிதாக ஷிப்ட் பொறுப்பேற்பவருக்கு

அரசுக்குச் சொந்தமான ஒரு சிறு நீர்மின் நிலையத்தில் புதிதாகப் பணியில் சேரும் பொறியாளர் முதல் நாள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "இங்கே எத்தனை மெகாவாட்?" என்பதாகவே இருக்கும். பதில் அவருக்குச் சற்று ஏமாற்றம் தரும். இந்தியாவில் 25 மெகாவாட் வரையிலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 10 மெகாவாட் வரையிலும் உள்ளவை சிறு நீர்மின் நிலையங்கள் என்று கணக்கிடப்படுகின்றன. பல்லாயிரம் மெகாவாட் புழங்கும் மின்தொகுப்பில் ஒரு நான்கு மெகாவாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். இந்த நிலையம் எந்த நேரத்தில் மின்சாரம் தருகிறது, எவ்வளவு நீளமான மின்பாதையின் கடைசியில் நிற்கிறது, மின்தொகுப்பே விழுந்துவிட்டால் வெளியிலிருந்து ஒரு யூனிட்கூட வாங்காமல் தானாக எழுந்து நிற்குமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்குத்தான் எந்திரத்தை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்தி வைப்பது என்பது விளங்கும். கீழே சொல்லப்படும் முறை, ஒரு தடுப்பணையும், ஒரு நாள் தேவைக்குப் போதுமான சிறு தேக்கமும், அங்கிருந்து நீரை டர்பைனுக்குக் கொண்டுவரும் பென்ஸ்டாக் குழாயும், பிரான்சிஸ் வகை டர்பைன்கள் இரண்டும் கொண்ட நிலையத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெல்டன், கப்ளான் வகைகளுக்குச் சில இடங்களில் மாற்றம் உண்டு. அவற்றை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

தண்ணீரை யூனிட்டாகப் பார்க்கப் பழகுதல்

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே செய்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்ற நீரோட்டத்தை நிகர நீர்மட்ட உயரத்தால் பெருக்கி, அதை 9.81 ஆலும் திறன் விகிதத்தாலும் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். உயரம் 50 மீட்டர், நீரோட்டம் வினாடிக்கு 10 கன மீட்டர், டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த திறன் 85 சதவீதம் என்றால் விடை ஏறத்தாழ 4,170 கிலோவாட். இதையே திருப்பிப் போட்டால், ஒரு யூனிட்டுக்கு 8.6 கன மீட்டர் தண்ணீர் செலவாகிறது என்று வரும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அணையில் ஒரு மதகு சரியாக மூடாமல் ஒழுகும்போதும், தேக்கம் நிரம்பி வழியும்போதும், எத்தனை யூனிட் ஆற்றோடு போகிறது என்பதை அந்த எண்ணைக் கொண்டு நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம்.

அடுத்தது தேக்கத்தின் கணக்கு. பயன்படுத்தத்தக்க கொள்ளளவு 1,20,000 கன மீட்டர் என்றும், ஆற்றில் வரும் நீரில் கீழ்ப்பகுதி ஆற்றின் உயிர்ப்புக்காக எப்போதும் விட்டாக வேண்டிய பங்கு போக மிஞ்சுவது வினாடிக்கு 4 கன மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எந்திரங்கள் இரண்டும் முழுச்சுமையில் 10 கன மீட்டர் இழுக்கும். வரத்து போகத் தேக்கத்திலிருந்து குறைவது 6 கன மீட்டர். நிறைந்த தேக்கம் ஐந்தரை மணி நேரத்துக்கு வரும். காலியான தேக்கம் மீண்டும் நிரம்ப எட்டு மணி இருபது நிமிடம் ஆகும். ஒரு நாள் முழுவதற்கும் வரும் நீர் 3,45,600 கன மீட்டர். அதாவது முழுச்சுமையில் 9 மணி 36 நிமிட ஓட்டம். நிலையத்தின் கையிருப்பு அவ்வளவுதான். அதை எந்த ஒன்பதரை மணி நேரத்தில் செலவிடுவது என்பதே நம் தொழில்.

காலை 6 மணி முதல் 10 வரையும், மாலை 6 முதல் இரவு 11:30 வரையும் ஓட்டினால் மொத்தம் ஒன்பதரை மணி நேரம் வந்துவிடும். மாலை ஓட்டம் முடியும்போது ஏறக்குறைய காலியாகும் தேக்கம், காலை 6 மணிக்குள் நான்கு மணி நேர ஓட்டத்துக்குத் தாங்கும் அளவுக்கு ஏறியிருக்கும். பகலில் அது மீண்டும் நிரம்பி, மாலை 6 மணிக்குச் சற்று முன்பு சுமார் 3,600 கன மீட்டர் வழியும். காலையில் ஆறு நிமிடம் கூடுதலாக ஓட்டினால் அந்த 400 சொச்சம் யூனிட்டையும் காப்பாற்றிவிடலாம். இப்படி ஆறு நிமிடத்துக்குக் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். வருடத்துக்கு 365 நாள் என்பதை நினைத்துப் பார்த்தால் தோன்றாது. மழைக்காலத்தில் வரத்து 10 கன மீட்டரைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை, இரவும் பகலும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஓட்டத்துக்கு நிலையத்தின் சுமைக்காரணி (எப்போதும் முழுச்சுமையில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் யூனிட்டில் உண்மையில் கிடைத்த பங்கு) 40 சதவீதம் வரும். அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு "பாதி நாளுக்கு மேல் சும்மா கிடக்கிறது" என்று தீர்ப்பெழுதுபவர்கள் உண்டு. உச்சத்தேவை நேரத்துக்காகத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் நிலையத்தை அதன் தயார்நிலையைக் கொண்டும், கேட்ட நேரத்தில் கேட்ட சுமையைத் தந்ததா என்பதைக் கொண்டும் அளக்க வேண்டுமே தவிர, வருட யூனிட்டைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது.

தண்ணீர் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அரசு நிலையங்கள் பலவற்றில் அணையின் சாவி நீர்ப்பாசனத் துறையிடம் இருக்கும்; பயிர்க்காலத்தில் அவர்கள் சொல்லும் அளவே ஓடும், மின்சாரம் அதன் பின்னால் வரும் உபரி. ஆகவே மறுநாளுக்கான உற்பத்தித் திட்டத்தை எந்த நிலையம் எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று தீர்மானிக்கும் லோடு டெஸ்பாட்ச் மையத்துக்கு அனுப்பும் முன் பாசனத் துறையின் அன்றைய உத்தரவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தைப் பெரும்பாலான மின்தொகுப்புகளில் கால் மணி அல்லது அரை மணிக் கூறுகளாகத் தர வேண்டியிருக்கும். தர முடியாத சுமையை எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் எழுதுவதைக் காட்டிலும், சற்றுக் குறைத்து எழுதி அதைத் தவறாமல் தருவதே நல்லது.

எந்திரத்தை எழுப்புவதற்கு முன்

ஆற்றின் கீழ்ப்பகுதியில் குளிப்பவர்களும் துவைப்பவர்களும் ஆடுமாடுகளோடு கடப்பவர்களும் இருப்பார்கள். நின்றிருந்த எந்திரத்தை ஓட்டத் தொடங்கினால் வினாடிக்கு 5 கன மீட்டர் தண்ணீர் திடீரென ஆற்றில் சேரும். ஆகவே சங்கு ஊதி, குறித்த நேரம் காத்திருந்த பிறகே தொடங்க வேண்டும். டெஸ்பாட்ச் மையம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கக் கூடாது.

பிறகு டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எண்ணெய் அழுத்தம், தாங்கிகளின் எண்ணெய் மட்டம், குளிர்விக்கும் நீரோட்டம், பிரேக் விடுபட்டிருக்கிறதா, டர்பைனுக்குள் நுழையும் நீரைக் கூட்டிக் குறைக்கும் வழிகாட்டித் தகடுகள் முழுதும் மூடியிருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பட்டியல் ஒவ்வொரு நிலையத்திலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் நீர் உள்ளே வரும் வாயிலில் உள்ள குப்பைத் தடுப்புக் கம்பிகளை அந்தப் பட்டியல்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. பருவத்தின் முதல் மழை நாளில், இரண்டு மெகாவாட் ஓடிக்கொண்டிருந்த எந்திரம் தகடுகள் முழுதும் திறந்த நிலையிலும் 1.6 மெகாவாட்டுக்கு மேல் ஏற மறுத்தது. கவர்னரில்தான் கோளாறு என்று நான் இரண்டு மணி நேரம் அதைச் சுற்றி வந்தேன். கடைசியில் பழைய காவலாளி ஒருவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, "கம்பி முழுக்க இலைங்க சார், தண்ணி முன்னால ஒரு மட்டம், பின்னால ஒரு மட்டம்" என்றார். கம்பிகளுக்கு முன்னும் பின்னும் உள்ள நீர்மட்ட வித்தியாசத்தை மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை அன்றுதான் தொடங்கினேன். நீர்மட்டம் உயரமாகவே இருக்கும்போது சுமை மட்டும் குறைந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

சுழற்றி, ஒத்திசைத்து, இணைத்தல்

முதன்மை வால்வை நேராகத் திறக்க முயலக் கூடாது. அதன் ஒரு பக்கத்தில் 50 மீட்டர் நீரின் அழுத்தம், மறுபக்கம் வெறுமை. முதலில் பக்கவழி வால்வைத் திறக்க வேண்டும். சீறும் ஒலி எழும்பி, டர்பைனின் உறை நிரம்ப நிரம்ப அது மெலிந்து, இரண்டு அழுத்தமானிகளும் ஒரே எண்ணைக் காட்டும்போது அடங்கும். அந்த அமைதி வந்த பிறகே முதன்மை வால்வு. பிறகு வழிகாட்டித் தகடுகளைச் சிறிதளவு திறந்தால் தண்டு சுழலத் தொடங்கும். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் சுழல விடக் கூடாது. தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் உருவாக வேகம் தேவை. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் 12 துருவங்கள் கொண்ட ஜெனரேட்டருக்கு ஒத்திசைவு வேகம் நிமிடத்துக்கு 500 சுற்று. வேகம் அதை நெருங்கியதும் ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டரைக் காந்தமாக்கும் புலச் சுருளுக்கு மின்னோட்டம் கொடுத்து, மின்னழுத்தத்தை எழுப்ப வேண்டும்.

இப்போது நம் எந்திரமும் வெளியே உள்ள மின்தொகுப்பும் கைகோக்க நான்கு பொருத்தம் வேண்டும்: மின்னழுத்தம், அதிர்வெண், கட்டக் கோணம் (இரு பக்கத்து மின்னலைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவது), கட்ட வரிசை (மூன்று கட்டங்களும் ஒரே முறையில் அடுத்தடுத்து வருவது). கடைசிப் பொருத்தம் நிறுவும்போதே பார்க்கப்பட்டது. ஆனால் மின்மாற்றியிலோ கேபிளிலோ பழுது பார்த்துக் கம்பிகளைக் கழற்றி மாட்டியிருந்தால் மறுபடி சோதிக்காமல் இணைக்கவே கூடாது. மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் நாமே பார்க்க வேண்டும். தானியங்கி ஒத்திசைப்பி இருந்தாலும் கையால் செய்யத் தெரிந்திருப்பது அவசியம், ஏனெனில் அது பழுதாகும் இரவு எப்போதும் உச்சத்தேவை உள்ள இரவாகத்தான் இருக்கும்.

இரு பக்கத்துக் கட்ட வித்தியாசத்தைக் காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முள் வலம்புரியாகச் சுற்றினால் நம் எந்திரம் வேகமாக இருக்கிறது என்றும், இடம்புரியாகச் சுற்றினால் மெதுவாக இருக்கிறது என்றும் பொருள். பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், வலம்புரியாக, நிதானமாக முள் நகரும்படி வேகத்தைச் சரி செய்யுங்கள். எந்திரத்தை மின்தொகுப்போடு இணைக்கும் சுவிட்சான பிரேக்கருக்கு ஆணை கொடுத்த பின் அது மூட வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரை எடுக்கும்; ஆகவே முள் 12 மணி நிலையைத் தொடுவதற்கு மயிரிழை முன்பாகவே கைப்பிடியைத் திருப்ப வேண்டும். வேகமாகச் சுற்றும் முள்ளைத் துரத்திப் பிடிக்க முயல்வது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. அடுத்த சுற்று வரும், காத்திருங்கள். சரியாக இணைந்தால் ஒரு மெல்லிய "ணங்" மட்டும் கேட்கும். கோணம் தவறி இணைந்தால் அடித்தளமே அதிரும், தண்டிலும் சுருள்களிலும் விழும் அந்த அடி உடனே தெரியாமல் பல மாதம் கழித்து விரிசலாக வெளிவரவும் கூடும். முள் 12 மணியில் அசையாமல் நின்றுவிட்டால் அதையும் நம்பாதீர்கள், முள் சிக்கியிருக்கலாம். வேகத்தைச் சற்று மாற்றி அதை ஒருமுறை சுற்றவிட்டுப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

இணைந்தவுடன் சிறிது சுமையை ஏற்றுங்கள். சுமையின்றி விட்டால் மின்தொகுப்பு நம் எந்திரத்தை மோட்டாராக இழுக்கத் தொடங்கும், மின்சாரம் எதிர்த்திசையில் வருவதைக் கண்டு பிரேக்கரைத் திறந்துவிடும் பின்னோட்டத் திறன் ரிலே விழுந்து, செய்ததெல்லாம் வீணாகும்.

இணைந்த பின் எந்தச் சுமையில் நிறுத்துவது

பிரான்சிஸ் டர்பைனுக்குப் பிடிக்காத ஒரு பகுதி உண்டு. ஏறத்தாழ 40 முதல் 65 சதவீதம் வரையிலான சுமையில், டர்பைனின் சுழலும் சக்கரமான ரன்னருக்குக் கீழே உள்ள வெளியேற்றுக் குழாயில் நீர் கயிறு போல முறுக்கிச் சுழலும். அந்தச் சுழல், தண்டின் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான வேகத்தில் சுற்றுவதால், 500 சுற்று எந்திரத்தில் வினாடிக்கு இரண்டு மூன்று முறை "தும் தும்" என்று கீழிருந்து கேட்கும்; கிலோவாட் மீட்டரின் முள்ளும் அதே தாளத்தில் ஆடும். இரண்டு மெகாவாட் மட்டுமே தேவை என்றால் இரண்டு எந்திரங்களையும் பாதிச் சுமையில் ஓட்டுவதைவிட, ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை முழுச்சுமைக்கு அருகில் ஓட்டுவதே எந்திரத்துக்கும் நல்லது, தண்ணீருக்கும் சிக்கனம். பெல்டன், கப்ளான் வகைகள் பாதிச் சுமையிலும் நல்ல திறனோடு ஓடுவதால் அங்கே இந்தக் கெடுபிடி குறைவு.

மின்தொகுப்புக்கு நாம் செய்யும் வேலை இரண்டு வகைப்படும். முதலாவது அதிர்வெண். கவர்னரின் சரிவு 4 சதவீதம் என்றால், அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் விழுந்தால் எந்திரம் தன் முழுச்சுமை அளவுக்குக் கூட்டித் தரும் என்று பொருள். 0.1 ஹெர்ட்ஸ் விழுந்தால் 5 சதவீதம், அதாவது நம் நான்கு மெகாவாட்டில் 200 கிலோவாட். இது பெரிய தொகுப்பில் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் எல்லா நிலையங்களும் இதையே நினைத்துக் கவர்னரைப் பூட்டி வைத்தால் தொகுப்புக்குத் தாங்குவதற்கு எதுவுமே இருக்காது. கவர்னர் "வேட்டையாடுகிறது" (நிலைகொள்ளாமல் தகடுகளைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது) என்று சொல்லித் தகடுகளைக் கையால் பூட்டி ஓட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது பழுதை மறைப்பது. கவர்னரைச் சரி செய்வதுதான் வழி.

இரண்டாவது மின்னழுத்தம். சிறு நிலையத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பெரிய துணைமின் நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் ஓடிவரும் 33 கிலோவோல்ட் பாதையின் கடைசியில் நாம் நிற்கிறோம். மாலையில் சுமை ஏறும்போது அந்தக் கடைசியில்தான் மின்னழுத்தம் முதலில் சரியும். அப்போது புல மின்னோட்டத்தைக் கூட்டினால், மின்னழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் ரியாக்டிவ் பவர் அங்கேயே பிறந்து, தொலைவிலிருந்து வர வேண்டியதில்லாமல் போகிறது. பாதையில் இழப்பும் குறைகிறது. நள்ளிரவில் சுமை இறங்கி மின்னழுத்தம் ஏறும்போது, எந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், புலத்தைக் குறைத்து ரியாக்டிவ் பவரை உள்ளிழுத்துக்கொள்ளலாம். இதில் எல்லை தாண்டக் கூடாது: கூட்டினால் ரோட்டர் சுருள் சூடாகும், அதிகம் குறைத்தால் எந்திரம் ஒத்திசைவை இழந்து நழுவிவிடும். இந்த எல்லைகளைக் காட்டும் திறன் வரைபடம் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் இருக்க வேண்டும், கோப்பில் இருந்து பயனில்லை. இண்டக்‌ஷன் வகை ஜெனரேட்டர் உள்ள நிலையங்களுக்கு இந்த வேலை முடியாது. அவையே ரியாக்டிவ் பவரை வெளியிலிருந்து வாங்குபவை.

பிரேக்கர் திடீரென விழுந்தால்

முழுச்சுமையில் ஓடும்போது வெளிப்பாதையில் கோளாறு ஏற்பட்டுப் பிரேக்கர் விழுந்தால், சுமந்துகொண்டிருந்த பாரம் நொடியில் மறைகிறது, தண்ணீரோ வந்துகொண்டே இருக்கிறது. தடுக்கவில்லை என்றால் பிரான்சிஸ் டர்பைன் தன் வேகத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை எகிறும், கப்ளான் இன்னும் அதிகம். அதற்காகத் தகடுகளைப் படாரென்று மூடவும் முடியாது. குழாயில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் நீரைச் சட்டென நிறுத்தினால், அதிர்வலை வினாடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் ஓடும் எஃகுக் குழாயில், 360 மீட்டருக்கும் அதிகமான நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தம் எழும். நம்முடையதோ 50 மீட்டருக்குக் கட்டிய நிலையம். குழாயின் நீளம் 300 மீட்டர் என்றால் அந்த அலை போய்த் திரும்ப அரை வினாடி ஆகும், மூடும் நேரம் அதைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். வேகம் எகிறுவதற்கும் குழாய் வெடிப்பதற்கும் நடுவில் கணக்கிட்டு வைத்த மூடும் நேரத்தை, "கொஞ்சம் சீக்கிரம் மூடட்டுமே" என்று யாரும் திருகித் திருத்தக் கூடாது.

விழுந்த பிரேக்கரை உடனே மீண்டும் போட அவசரப்படாதீர்கள். எந்த ரிலே விழுந்தது என்று முதலில் ரிலேயின் அடையாளக் கொடியைப் பார்த்து எழுதிக்கொண்டு, பிறகே மீட்டமைக்க வேண்டும். வெளியே பாதையில் ஆட்கள் வேலை செய்கிறார்களா என்பதை எழுத்து மூலமான அனுமதிச் சீட்டின் வழியே உறுதிசெய்யாமல் அந்தப் பாதைக்கு மின்னூட்டக் கூடாது. பாதை முழுதும் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைத் தொடுபவருக்கு, நம்முடைய சிறு நிலையம் ஒன்று மறுமுனையில் ஓடுவது தெரியாமல் இருக்கலாம். தொகுப்பிலிருந்து அறுந்துபோன ஒரு சிறு பகுதியை நாம் தெரியாமல் தனியே ஊட்டிக்கொண்டிருக்கும் நிலையைத் தடுக்கத்தான், அதிர்வெண் மாறும் வேகத்தைப் பார்க்கும் ரிலேக்கள் உள்ளன.

மின்தொகுப்பே இருண்டுவிட்டால்

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒண்டாரியோவும் இருண்டபோது, நயாகரா பகுதியின் நீர்மின் நிலையங்கள் தொடர்ந்து ஓடி, மீட்புப் பணிக்கு ஊன்றுகோலாக நின்றன. பெரிய அனல்மின் நிலையம் எழுந்திருக்க அதன் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் பல மெகாவாட் வெளியிலிருந்து வேண்டும். நீர்மின் நிலையத்துக்கு வேண்டியவை மிகக் குறைவு: கவர்னருக்கு அழுத்தத்தில் எண்ணெய், புலத்துக்கு முதல் சொட்டு மின்னோட்டம் தரும் பேட்டரி, விளக்குக்கும் எண்ணெய்ப் பம்புக்கும் ஒரு சிறு டீசல் ஜெனரேட்டர். இந்த மூன்றும் எப்போதும் வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்பதை மாதம் ஒருமுறை, வெளி மின்சாரத்தை உண்மையிலேயே துண்டித்துச் சோதிக்க வேண்டும். பேட்டரியின் மின்னழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு "சரி" என்று எழுதுவது சோதனை ஆகாது. சுமை ஏற்றினால்தான் கெட்டுப்போன செல் தன்னைக் காட்டும்.

இருள் வந்ததும் வெளிப்பாதைப் பிரேக்கர்கள் அனைத்தையும் திறந்துவிட்டு, டெஸ்பாட்ச் மையத்தைத் தொடர்புகொண்டு உத்தரவு பெற வேண்டும். ஓர் எந்திரத்தை மட்டும் எழுப்பி, நிலையத்தின் சொந்தத் தேவைக்கு முதலில் ஊட்டுங்கள். கவர்னரைச் சரிவு நிலையிலிருந்து தனித்தியங்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். இப்போது 50 ஹெர்ட்ஸைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அந்த ஓர் எந்திரத்துக்கு. இரண்டாவது எந்திரம் பின்னால் சேரும்போது அது சரிவு நிலையிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டையிடும். பாதையை மின்னூட்டும்போது மின்னழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். சுமையில்லாத நீண்ட பாதையின் மறுமுனையில் அது தானாகவே ஏறும்.

சுமையைச் சிறு சிறு துண்டாக ஏற்ற வேண்டும். ஒரு நேரத்தில் எந்திரத் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. தகடுகள் திறந்தாலும் குழாயில் உள்ள தண்ணீர் வேகமெடுக்கச் சில நொடி ஆகும். அந்த நொடிகளில் அழுத்தம் முதலில் குறைந்து அதிர்வெண் சரியும். நெடுநேரம் இருண்டிருந்த பகுதியில் எல்லா மோட்டார்களும் குளிர்சாதனங்களும் ஒரே நேரத்தில் எழ முயல்வதால், வழக்கமாக 200 கிலோவாட் இழுக்கும் ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பாதை) அன்று அதைப் போல இரண்டு மடங்கும் இழுக்கலாம். ஒரு ஃபீடரைப் போட்டு, அதிர்வெண் பழைய இடத்துக்கு வந்து நிற்கும் வரை பார்த்திருந்து, பிறகே அடுத்தது. மருத்துவமனையும் குடிநீர்ப் பம்புகளும் உள்ள ஃபீடர்களுக்கு முதலிடம். அந்த வரிசை அமைதியான நாளிலேயே எழுதிக் கையெழுத்திடப்பட்டுச் சுவரில் இருக்க வேண்டும்.

மின்தொகுப்பு திரும்பி வந்து எல்லைத் துணைமின் நிலையம் வரை உயிர் பெற்றதும், இணைப்பு அங்கேயே, ஒத்திசைவுக் கருவி உள்ள பிரேக்கரில் நடக்க வேண்டும். நம் வேலை, அவர்கள் தொலைபேசியில் "கொஞ்சம் வேகம்", "கொஞ்சம் மின்னழுத்தம்" என்று கேட்கக் கேட்க நம் சிறு தீவை ஒத்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. அங்கே பிரேக்கர் மூடியதும் கவர்னரை மீண்டும் சரிவு நிலைக்கு மாற்றி, பதிவேட்டில் நேரத்தை எழுதி, தேக்கத்தின் நீர்மட்டத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.